துரைசானியும் ஒரு மெரூன் பாவாடையும்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரிந்து நீங்கள் என்னைப் பார்க்கும் பார்வை மாறுவதைவிட ஆரம்பத்திலேயே மாறிவிட்டால் எனக்கும் நிம்மதி. ஐம்பத்தேழு வயதில், தொப்பையும் சோடாபுட்டிக் கண்ணாடியுமாக, என் மனைவியின் மெரூன் கலர் உள்பாவாடையைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலைக் காட்டுக்குள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நடந்தேன். குடித்திருக்கவில்லை. பந்தயம் எதுவும் கட்டவில்லை. ஒரு புத்தகம் எழுதுவதற்காக நடந்தேன். அந்த நடையில் சாகப் பார்த்தேன். இப்போது பிழைத்து வந்து, வாசலில் வெயில் காய்ந்துகொண்டு, கேழ்வரகுக் கூழைக் குடித்தபடி இதை எழுதுகிறேன். கூழ் நன்றாக இருக்கிறது. ஒரு மாசத்துக்கு முன்னால் இதே கூழை உப்பு இல்லை என்று திட்டியிருப்பேன்.

எனக்குத் தொழில் புளி வியாபாரம். ஒடுகத்தூருக்கு மேலே மலையில் வீடு. ஊர் ஊராகப் போய் புளியும் சாமையும் வாங்கி, மச்சான் சேகருடைய குட்டியானை வண்டியில் ஏற்றிக் கீழே சந்தைக்கு அனுப்புவேன். புளி இல்லாத மாதங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் எழுதுவேன். வேலூரில் ஒருவர் அவற்றை அச்சுப் போடுகிறார். முதல் புத்தகம் ஒரு கப்பல் தலைவனைப் பற்றியது. நான் கடலைப் பார்த்தது ஒரே ஒருமுறை, அதுவும் செருப்பு நனையாத தூரத்திலிருந்து. இரண்டாவது பனிமலை ஏறியவரைப் பற்றியது. ஐஸ் வண்டிக்காரரின் பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததுதான் எனக்கும் பனிக்கும் உள்ள பழக்கம். மூன்றாவதுதான் இவர்.

இவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் காட்டுக்குள் தனியாகப் போன ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அவர் பெயர் என் வாயிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வெளியே வருவதால், எங்கள் வீட்டில் அவருக்குத் துரைசானி என்றே பெயர். "உன் துரைசானி காத்துக்கினு கீறா, சோறு அப்பறம் துன்னு" என்பாள் என் மனைவி சரோஜா, நான் படிக்க உட்கார்ந்தால். வீட்டில் அவள் எனக்கு நீ போடுவாள், நாலு பேர் முன்னால் நீங்க போடுவாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துரைசானி முப்பது வயது வரைக்கும் வீட்டு வாசலைத் தாண்டாதவர். படுத்த படுக்கையாக இருந்த அப்பாவுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டு, அவருடைய அலமாரியிலிருந்த பூகோளப் புத்தகங்களைப் படித்துக்கொண்டு கிடந்தார். அப்பா போன பிறகு என்ன செய்வார் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சரக்குக் கப்பலில் ஏறி மேற்கு ஆப்பிரிக்காவில் போய் இறங்கிவிட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற பயணிகளைப் போலத் துப்பாக்கிக் கூட்டத்தோடு அவர் போகவில்லை. துணி, புகையிலை, தூண்டில் முள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வியாபாரியாகப் போனார். வியாபாரியை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை, என்ன விலை என்றுதான் கேட்பார்கள். இது மலை மேல் முப்பது வருஷம் புளி வாங்கிய எனக்குத் தெரியும். அப்படி ஊர் ஊராகப் போய், ஆற்று நத்தைகளை வகைவகையாகச் சேர்த்து, சீசாக்களில் போட்டுத் தன் ஊருக்கு அனுப்பினார். முழங்கால் சேற்றில் குடையை ஊன்றி ஆழம் பார்த்து நடந்தார். அத்தனை காட்டிலும் சேற்றிலும் கணுக்கால் வரை தொங்கும் கறுப்புப் பாவாடையை மட்டும் விடவே இல்லை.

அந்தப் பாவாடைதான் என்னைக் கெடுத்தது.

துரைசானி புதருக்குள் நடக்கும் அத்தியாயத்தை எத்தனை தரம் எழுதினாலும் சரியாக வரவில்லை. முள்ளில் பாவாடை எப்படி மாட்டும், ஈரத்தில் எப்படிக் கனக்கும், உட்கார்ந்தால் எழுந்தால் என்ன ஆகும், எதுவும் எனக்குத் தெரியாது. சரோஜாவைக் கேட்டேன்.

"பாவாட கட்டிக்கினு காட்ல நடந்தா எப்பிடி இருக்கும் சரோ?"

"மாடு வேலியத் தாண்டற மாதிரி இருக்கும். போய் அரிசி மூட்டைய எறக்கு."

இதை வைத்து ஒரு அத்தியாயம் எழுத முடியாது. ஆகவே அவள் படவேட்டுக்கு, அம்மா வீட்டு ஊருக்குப் போயிருந்த அன்று, கொடியில் காய்ந்துகொண்டிருந்த மெரூன் பாவாடையை எடுத்து, பேன்ட்டுக்கு மேல் கட்டினேன். பேன்ட்டோடு நடந்தால் துரைசானியை ஏமாற்றுவதாகும் என்று தோன்றியது. பேன்ட்டைக் கழற்றினேன். நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டேன். குடையை எடுத்துக்கொண்டேன். காவலூர்ப் பக்கம் போகும் ஒத்தையடிப் பாதையில் இறங்கினேன்.

முள்ளில் மாட்டியது. ஓடையில் கனத்தது. புதர் ஓரமாகப் புல்லில் உட்கார்ந்து அதையெல்லாம் குறித்துக்கொண்டேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தது. திரும்பி வரும்போது சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த வெள்ளையன் நிமிர்ந்து பார்த்தான். எனக்குப் புளி கொடுக்கிற ஆள், வெகுநாள் பழக்கம்.

"ண்ணா, நல்லாக் கீறியா?"

"நல்லாத்தான் கீறேன்."

"அண்ணி வூட்ல கீதா?"

"ஊருக்குப் போய்க்கீது."

"அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லாத."

"நா ஏன் சொல்றேன்" என்று மறுபடி குனிந்துகொண்டான். அவன் முதுகு குலுங்கியதைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பாவாடை நாலு இடத்தில் கிழிந்திருந்தது. அதைச் சுருட்டிப் புத்தக அலமாரியில், பனிமலைப் புத்தகக் கட்டுக்குப் பின்னால் செருகினேன். விற்காத புத்தகம், அந்தப் பக்கம் யாரும் கை வைக்க மாட்டார்கள். ஊரிலிருந்து வந்த சரோஜா கொடியைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், புளிய மரத்தில் உட்கார்ந்திருந்த கிழட்டுக் குரங்கைப் பார்த்தாள். எங்கள் ஊரில் கொடியில் துணி காணாமல் போனால் கேள்வி கேட்பதில்லை. அன்றிலிருந்து அந்தக் குரங்குக்குக் காலை மாலை இரண்டு வேளையும் வசவு. கல்லெறி வேறு. நான் பேசாமல் கூழ் குடித்தேன்.

ஒரு பத்து நாள் போயிருக்கும், காய்ச்சல் வந்தது. மண்டை பிளக்கிற தலைவலி, கட்டையால் அடித்தது போல் உடம்பு, கண்ணெல்லாம் சிவப்பு. உங்களிடம் மறைப்பானேன், எனக்கு உள்ளூர ஒரு பெருமை. துரைசானிக்கும் காய்ச்சல் வந்தது. ஒன்றல்ல, பல தடவை. ஒவ்வொரு தடவையும் அதைத் தமாஷாக மாற்றித் தங்கைக்குக் கடிதம் எழுதுவார். கடைசிப் பயணத்தில் வந்த காய்ச்சலைக் கூட வந்தவர்களிடமே மறைத்துவிட்டார். தெரிந்தால் படகைத் திருப்பிவிடுவார்கள் என்று. அந்த இடத்தை என் கையெழுத்துப் பிரதியில் 'ஈடு இணையற்ற நெஞ்சுரம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். நாமும் நெஞ்சுரத்தோடு இருப்போம் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன்.

ஜுரம் விடாததால் சரோஜா என்னை ஒடுகத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு கிளினிக். நல்ல கூட்டம். அவள் வெளியே மருந்துக் கடை வரிசையில் நிற்க, நான் உள்ளே போனேன். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்க்கச் சட்டையைத் தூக்கினார். இடுப்பில், பாவாடை நாடா இறுக்கிய அதே வரியில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்பு வட்டம். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அவர் தொட்டுக் காட்டும் வரை எனக்கே தெரியாது.

"சூடு வெச்சீங்களா?" என்றார்.

எங்கள் பக்கத்தில் மஞ்சள் காமாலைக்கும் விடாத காய்ச்சலுக்கும் கம்பியைக் காய்ச்சிச் சூடு வைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர் அதைத் தினமும் பார்க்கிறவர். அதனால் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'தெரியலைங்க' என்று ஒரு வார்த்தை. ஆனால் தெரியவில்லை என்றால் எங்கே போனாய், என்ன செய்தாய் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் பாவாடை வரும். தவிரவும், ஒரு தமாஷ் நாக்கு நுனியில் வந்துவிட்டால் அதைத் திருப்பி அனுப்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"ஆமாங்க டாக்டர். வூட்ல வெச்சாங்கோ. ரொம்பப் பேசறேனாம்."

அவர் சிரிக்கவில்லை. சீட்டில் எழுதினார். சிஸ்டரைக் கூப்பிட்டு அந்த இடத்தில் மருந்து வைத்து பிளாஸ்திரி போடச் சொன்னார். சிரிக்கத் தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டே ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். சரோஜா பிளாஸ்திரியைப் பார்த்து இன்னாது என்று கேட்டதற்கு, கட்டி என்றேன்.

மாத்திரை ஒழுங்காகத்தான் சாப்பிட்டேன், ஜுரம்தான் இறங்கவில்லை. பிறகு மூச்சு மேல் மூச்சாக வாங்க ஆரம்பித்தது. படுக்கையிலிருந்து எழுந்து செம்பை எடுக்கவே மலை ஏறியது போல் இருந்தது. நான் பேசுவதை நிறுத்தியதைப் பார்த்துத்தான் சரோஜா பயந்தாள். "இந்த மனுஷன் வாய மூடிக்கினு கெடக்கறாருடா, வண்டிய எடு" என்று தம்பிக்குப் போன் போட்டாள்.

சேகர் வரும்போது வண்டியில் பாதி புளி மூட்டை இருந்தது. இறக்க நேரமில்லை. மூட்டைகளின் மேல் பாயைப் போட்டு என்னைக் கிடத்தி, சரோஜா பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் "மெதுவா போடா" என்று ஒருமுறையும், "இன்னாடா ஊர்வலமா போற" என்று ஒருமுறையும் மாற்றி மாற்றிக் கத்தினாள். எனக்கு இரண்டுக்கும் பதில் தோன்றியது. சொல்லத்தான் காற்று இல்லை.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. வாசலில் சக்கர நாற்காலியைத் தள்ளி வந்தவர் என்னை மோந்து பார்த்து, "இன்னாங்க, வத்தக்கொழம்பு வாசன அடிக்குது" என்றார். அவசரப் பிரிவில் விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். ரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது என்று காட்டுகிற கருவி அது. எண்ணைப் பார்த்ததும் எல்லாரும் கொஞ்சம் வேகமாக நடந்தார்கள். உடம்பு மோசமாக இருப்பது நோயாளிக்கு அப்படித்தான் தெரியவரும். யாரும் சொல்லமாட்டார்கள், நடை மாறும். மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டார்கள். என்னைப் போன்ற ஆளுக்கு வாய்ப்பூட்டு இதைவிடப் பொருத்தமாக யாராலும் செய்ய முடியாது.

பிறகு பரிசோதனைகள். டெங்கு இல்லை. மலேரியா இல்லை, இதில் எனக்கு லேசான ஏமாற்றம், துரைசானிக்கு வந்தது அதுதான். ரத்தம் உறைவதற்கு உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருந்தன. கிட்னி சரியாக வடிகட்டுகிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ஏறியிருந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் இரண்டும் மூடுபனி விழுந்த மலை மாதிரி தெரிந்தன. ஏதோ ஒரு கிருமி உள்ளே புகுந்து ஒவ்வொரு உறுப்பாகக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் அது எது என்று தெரியவில்லை. இன்னும் சில சோதனைகளுக்கு ரத்தம் அனுப்பியிருக்கிறோம், முடிவு வர ஒரு நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் மூச்சு இன்னும் மோசமானால் தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷின் மூலம் மூச்சுவிட வைக்க வேண்டியிருக்கும் என்று சேகரிடம் தனியாகச் சொன்னார்கள். அவன் எதையும் ரகசியமாகச் சொல்லத் தெரியாதவன். வராந்தாவில் அவன் அக்காவிடம் ரகசியமாகச் சொன்னது எனக்கு, பக்கத்துக் கட்டிலுக்கு, அதற்கடுத்த கட்டிலுக்கு எல்லாம் கேட்டது.

பக்கத்துக் கட்டிலில் படவேட்டுப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர், காலில் கட்டுப் போட்டுக்கொண்டு. என் மாமனார் ஊர்க்காரர் என்று தெரிந்ததும், அவர் வீட்டிலிருந்து வந்த இட்லிப் பொட்டலம் சரோஜாவுக்கும் வந்தது. "துன்னும்மா. நீயும் படுத்துட்டா யார் பாக்கறது" என்றார். அவள் பிரித்து ஒன்று தின்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே தின்றாள்.

மறுநாள் காலை பெரிய டாக்டரம்மா வந்தார். சின்ன உருவம், பெரிய குரல். கூடவே நாலு சின்ன டாக்டர்கள். ஒடுகத்தூர்ச் சீட்டிலிருந்து நகலெடுத்திருந்த விவரத்தை ஒருவர் படித்தார். காய்ச்சல் இத்தனை நாள், தலைவலி, மூச்சுத்திணறல், இடுப்பில் வீட்டில் சூடு வைத்த புண், பிளாஸ்திரி போடப்பட்டிருக்கிறது.

டாக்டரம்மா சரோஜா பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் வீட்டுக்காரம்மாவா? ஜுரம்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணும். கம்பியக் காய்ச்சி சூடு வைப்பீங்களா? புத்தகம்லாம் எழுதுறவர்னு உங்க தம்பி சொன்னார். படிச்ச வீட்லயே இப்படின்னா எப்படி?"

வார்டே திரும்பிப் பார்த்தது. கரும்பு விவசாயி இட்லியைக் கீழே வைத்தார்.

நான் சரோஜாவைப் பார்த்தேன். நான் வைக்கவே இல்லை என்று அவள் சொல்லப்போகிறாள், அப்புறம் என் கதி என்ன என்றுதான் என் புத்தி போனது. அவள் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியாம பண்ட்டோம் டாக்டர். மன்னிச்சிக்கோங்க. எப்பிடியாவது காப்பாத்துங்க."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று பின்னால் கேட்டேன். ரெக்கார்டில் எழுதியிருக்கிறது, இல்லை என்றால் இந்த ஆள் பொய் சொல்லியிருக்கிறான் என்று ஆகும், பொய்க்காரனுக்கு எவன் அக்கறையாக வைத்தியம் பார்ப்பான் என்று நினைத்தாளாம். நான் எங்கேயோ மந்திரிக்கப் போய்ச் சூடு வைத்துக்கொண்டு வந்து மறைக்கிறேன் என்றும் நினைத்தாளாம். அதனால் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நாலு பேர் முன்னால் என்னை நீங்க என்பவள், நாலு பேர் முன்னால் என்னைப் பொய்க்காரன் ஆக்கமாட்டாள்.

டாக்டரம்மா உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அவர் ஓரடி எடுத்து வைத்ததும் எனக்கு உறைத்தது. அவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். என் உடம்பில் நான் பொய் சொல்லி மறைத்த இடம் ஒன்று இருக்கிறது. அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. பிளாஸ்திரி மேல் என் தமாஷ் ஒட்டியிருக்கிறது. அதன் மேல் இப்போது சரோஜாவின் மன்னிப்பும் ஒட்டிவிட்டது.

மாஸ்க்கை இழுத்தேன். சிஸ்டர் ஓடி வந்து கையைப் பிடித்தார். விடாமல் இழுத்தேன்.

"டாக்டர்... சூடு... இல்லீங்க."

அவர் நின்றார். "என்ன சொல்றீங்க?"

"சும்மா... சொன்னேன். தமாஷுக்கு."

மூச்சு போதவில்லை. மாஸ்க்கைத் திரும்ப வைத்தார்கள். வைத்தால் குரல் வெளியே வரவில்லை. எடுத்தார்கள். டாக்டரம்மா குனிந்து காதை வைத்தார்.

"அப்ப அது என்ன? காட்டுப் பக்கம் போனீங்களா? புதர்ல, புல்லுல உட்கார்ந்தீங்களா?"

"ஆமா."

"என்ன டிரெஸ் போட்டிருந்தீங்க?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இவ்வளவும். கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாவாட."

"என்ன?"

"உள்பாவாட. மெரூன் கலரு. வூட்டம்மாவுது."

சின்ன டாக்டர்களில் ஒருவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். சிஸ்டர் ட்ரிப்ஸ் பாட்டிலைத் தேவையில்லாமல் சரிசெய்தார். சேகர் வராந்தாவுக்குப் போய்விட்டான். சரோஜாதான் முதலில் பேசினாள். எனக்கும் இல்லை, யாருக்கும் இல்லை, பொதுவாகச் சொன்னாள்.

"அப்ப அது கொரங்கு இல்ல."

டாக்டரம்மா இதற்கெல்லாம் அசரவில்லை. பிளாஸ்திரியைப் பிரித்து, போன் வெளிச்சத்தை அடித்து, இன்னும் குனிந்து பார்த்தார். சின்ன டாக்டர்களை அருகே கூப்பிட்டுக் காட்டினார். அவர் முகத்தில் வந்தது சந்தோஷம்தான் என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். தேடிய சாவி பாக்கெட்டிலேயே இருந்ததைக் கண்டவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

எனக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட மாதிரி சொல்கிறேன். புதர் ஓரத்திலும் புல்லிலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக உண்ணிக் குஞ்சுகள் இருக்கும். உட்கார்ந்தால் உடம்பில் ஏறும். மேலே ஏறிக்கொண்டே போய், துணி இறுக்கமாக இருக்கிற இடத்தில் தடைபட்டு அங்கேயே கடிக்கும். கடித்த இடம் வலிக்காது. சில நாளில் கறுப்புப் பொருக்காகும். கிருமி ரத்தத்தில் கலந்து காய்ச்சல் வரும். ஸ்கரப் டைஃபஸ் என்று பெயர், உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள். எங்கள் மலையிலும் அடிவாரத்திலும் இது ஒன்றும் புதிதில்லை. சாதாரண ஜுர மருந்துகளுக்கு அடங்காது. அதற்கென்று இருக்கிற மருந்து கொடுத்தால் சட்டென்று அடங்கும். கொடுக்காமல் விட்டால் நுரையீரல், கிட்னி என்று ஆளையே கொண்டுபோய்விடும்.

"ரிசல்ட் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம், இப்பவே ஆரம்பிங்க" என்று சின்ன டாக்டர்களிடம் சொன்னார். பிறகு என்னிடம், "இந்தப் பொருக்க ஒடுகத்தூர்லயே ஒழுங்கா சொல்லியிருந்தா மாத்திரையிலயே முடிஞ்சிருக்கும் ஐயா. இப்ப ஊசி" என்றார். போகும்போது சரோஜாவின் தோளைத் தொட்டு, "சாரிம்மா" என்றார். என்னிடம் யாரும் சாரி கேட்கவில்லை.

அன்று முழுக்க மூச்சு அப்படியே இருந்தது. குழாய் விடுகிற மெஷினைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். சரோஜா அந்த மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். என்னோடு பேசவில்லை. ஆனால் நெற்றித் துணியை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டே இருந்தாள். காய்வதற்குள் அடுத்தது. கோபத்தோடு பிழிந்ததால் துணியில் ஒரு சொட்டுத் தண்ணி நிற்காது, அதனால் மறுபடி மறுபடி நனைக்க வேண்டியிருந்தது.

பேச முடியாமல் படுத்திருந்தபோது துரைசானியை நினைத்தேன். கடைசிப் பயணத்தில், ஆற்றோரக் குடிசையில், ஜுரம் முற்றிச் சாகக் கிடந்தபோது அவருக்கும் யாரோ ஒருவர் துணி நனைத்துப் போட்டிருக்க வேண்டும். மூட்டை தூக்கி வந்தவரோ, சோறு ஆக்கியவரோ. துணி தானாக நனையாது. தங்கைக்கு எழுதிய அத்தனை கடிதத்திலும், நத்தைக்கெல்லாம் பெயர் இருக்கிறது, அந்த ஆளுக்குப் பெயர் இல்லை. நானும் என் பிரதியில் அவரை எழுதவே இல்லை. நான் பாட்டுக்கு நெஞ்சுரம் என்று கோடு போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். ஜுரத்தை மறைக்காமல் முதல் நாளே சொல்லியிருந்தால் படகைத் திருப்பியிருப்பார்கள், துரைசானி திட்டிக்கொண்டே பிழைத்திருப்பார். தமாஷாகவே எழுதிக்கொண்டிருந்ததால் தங்கைக்குக் கடைசி வரை ஒன்றும் தெரியவில்லை. பாவம், எனக்கு அந்தத் தங்கையின் முகமே தெரியாது, ஆனால் அன்று அவளுக்கு சரோஜாவின் முகம் இருந்தது.

ஊசி ஏறி இரண்டாம் நாள் விடிந்தபோது வியர்த்துக் கொட்டியது. தலையணை நனைந்தது, மெத்தை நனைந்தது. காய்ச்சல் இல்லை. இல்லாமல் போன காய்ச்சலைப் பற்றி எழுதுவது கஷ்டம். தலைக்குள் அத்தனை நாளும் ஓடிக்கொண்டிருந்த ரைஸ்மில்லை யாரோ நிறுத்திவிட்டது போல இருந்தது. கிளிப்பில் எண் மெல்ல மெல்ல ஏறியது. மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அது போகிற சக்கரச் சத்தம் கேட்டு சரோஜா திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே என்னை நாலு வார்த்தை திட்டினாள். அந்த வார்த்தைகளைப் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் எழுத முடியாது, ஆனால் எல்லாவற்றிலும் நீங்க இருந்தது.

மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்கில் சின்னக் குழாய் மட்டும் வைத்ததும் என் வியாதி திரும்பிவிட்டது. பேச ஆரம்பித்தேன். சிஸ்டர் மாத்திரையோடு வரும்போதெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு வருவார். முதல் நாள் மோந்து பார்த்தவர், "மெரூன் கலர் பேஷன்ட் யாருங்க?" என்று கேட்டுக்கொண்டு எக்ஸ்ரேவுக்கு அழைத்துப்போக வந்தார். கரும்பு விவசாயி மட்டும் ரொம்ப அக்கறையாக ஒருநாள் கேட்டார்.

"ஏங்க, கட்னதுதான் கட்னீங்க. பொடவையோட கட்டியிருந்தா கடிச்சிருக்காதோ?"

யோசிக்க வேண்டிய விஷயம்தான் என்றேன்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பரிசோதனைகள், எக்ஸ்ரே, ஆக்ஸிஜன், கட்டில் எல்லாம் சேர்ந்து இந்த வருஷத்துப் புளியைத் தின்றுவிட்டன. வீட்டுக்குப் போகும்போது மிச்ச நாட்களுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை, எந்த மருந்தால் பிழைத்தேனோ அதே மருந்து, டீயும் போண்டாவும் சாப்பிடுகிற காசுக்கு வந்தது. சேகர் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இவ்ளோதானா மாமா? இதுக்கா நாம இவ்ளோ செலவு செஞ்சோம்?" என்றான். படிக்கிற உங்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: காடு மேடு போய் வந்து ஜுரம் வந்தால், போனதைச் சொல்லுங்கள். கறுப்புப் பொருக்கு இருந்தால் காட்டுங்கள், எந்த இடத்தில் இருந்தாலும். என்ன உடுத்தியிருந்தீர்கள் என்று கேட்டால் அதையும் சொல்லிவிடுங்கள். டாக்டர்கள் இதைவிட மோசமானதெல்லாம் கேட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு உறுதியாகத் தெரியாது.

மலைக்குத் திரும்பிய அன்று வெள்ளையன் ஒரு படி சாமையும் தேனும் கொண்டுவந்தான். வாசலில் நின்று, தரையைப் பார்த்தே நலம் விசாரித்தான். நிமிர்ந்தால் சிரித்துவிடுவான். "நீ ஒருத்தன்தான்டா வாயக் காப்பாத்தின" என்று சொன்னேன். அவன் போன பிறகுதான் தெரிந்தது, நான் பாவாடையோடு நடந்த அன்று சாயங்காலமே ஊர் முழுக்கத் தெரியும். சரோஜாவிடம் மட்டும்தான் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சாவு வரைக்கும் போயிருக்கமாட்டேன். போயிருந்தாலும் அடிபட்டுத்தான் போயிருப்பேன், உண்ணி கடித்து அல்ல.

இப்போது கடைசி அத்தியாயத்தைத் திருப்பி எழுதிவிட்டேன். ஈடு இணையற்ற நெஞ்சுரத்தை அடித்துவிட்டேன். துரைசானி நல்ல மனுஷிதான், எனக்கு இன்னும் அவரைப் பிடிக்கும். ஆனால் ஜுரத்தை மறைத்தது முட்டாள்தனம் என்று பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறேன். துணி நனைத்துப் போட்ட ஆளுக்கு ஒரு பக்கம் கொடுத்திருக்கிறேன். பெயர் தெரியாது என்பதையும் எழுதியிருக்கிறேன். புதர் அத்தியாயம் மட்டும் மாற்றவில்லை. அது நன்றாக வந்திருக்கிறது. வராமல் இருந்தால்தான் அநியாயம்.

இனி ஒரே ஒரு பக்கம் பாக்கி, புத்தகத்தின் முதல் பக்கம். நேற்று சாயங்காலம் சரோஜா புது மெரூன் பாவாடையைக் கொடியில் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள். புளிய மரத்தில் அந்தக் கிழட்டுக் குரங்கு வழக்கம்போல உட்கார்ந்திருந்தது. அவள் அதைத் திட்டவில்லை. மடியிலிருந்து ஒரு கை வேர்க்கடலையை எடுத்து மரத்தடியில் வைத்துவிட்டு வந்தாள். நல்ல சமயம் என்று நினைத்து, குரலை மெதுவாக்கிக்கொண்டு கேட்டேன்.

"சரோ, புஸ்தகத்துல மொத பக்கத்துல யாருக்காவது சமர்ப்பணம்னு போடணும். நீதான என்னக் காப்பாத்தன. உம் பேரப் போட்டுடட்டா?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தக் கொரங்குக்குப் போடு."